கினபாலு: மலையைச் சுற்றி வரையப்பட்ட கோடு



கோத்தா கினபாலுவில் விமானம் தரையிறங்குவதற்குச் சற்று முன், வானம் தெளிவாக இருந்தால், பயணிகள் ஒரே பக்கமாக எட்டிப் பார்ப்பார்கள். மேகத்துக்கு மேலே, உடைந்த பல்வரிசையைப் போல, கருநிறத்தில் ஒரு மலைமுடி நிற்கும். அதன் உயரம் 4,095 மீட்டர். மலேசியாவில் அதைவிட உயர்ந்த மலை கிடையாது. சபா மாநிலக் கொடியில் இருப்பதும் அதே மலைதான். ஜெசல்டன் என்று அழைக்கப்பட்டு வந்த தலைநகரம் 1967ஆம் ஆண்டில் அந்த மலையின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டது.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போய் வந்த குடும்பங்கள் நம்மில் பல உண்டு. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏறிச் சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய இளைஞர்களும் உண்டு. ஏறினோம், படம் எடுத்தோம், சான்றிதழ் வாங்கினோம். ஆனால், அந்த மலை எப்படி ஒரு தேசியப் பூங்கா ஆனது, அதை யார் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்பதைச் சுற்றுலா விளம்பரங்கள் அதிகம் சொல்வதில்லை. இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

மூதாதையர் வாழும் இடம்

மலையின் பெயருக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. சீன இளவரசன் ஒருவன் உள்ளூர்ப் பெண்ணை மணந்து, அவளை விட்டுப் போய்விட்டான். அவள் மலைமேல் காத்திருந்தே கல்லானாள் என்பது ஒரு கதை. மலாய் மொழியில் 'பாலு' என்றால் கைம்பெண். சுற்றுப்பயணிகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். மலையடிவாரத்தில் வாழும் டூசுன் மக்கள் சொல்லும் பெயர் வேறு. 'அகி நபாலு' என்பார்கள். இறந்துபோன மூதாதையர் இருக்கும் இடம் என்பது அதன் கருத்து. உயிர் பிரிந்த ஆன்மா அந்த உச்சிக்குத்தான் போகிறது, அங்கே பாறைகளில் படர்ந்திருக்கும் பாசிதான் அந்த ஆன்மாக்களுக்கு உணவு என்பது அவர்களின் பழைய நம்பிக்கை. ஆகவே யாரும் விளையாட்டாக அந்த மலையில் ஏறுவதில்லை. ஏறத்தான் வேண்டும் என்றால், சடங்கு செய்பவர் முன்னே போவார். கோழி பலி கொடுக்கப்படும். வெள்ளைக் கோழி ஏழு, முட்டை ஏழு என்ற கணக்கும் உண்டு. அந்தச் சடங்கு இன்றைக்கும் அடியோடு மறைந்துவிடவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் வரலாறு புரியும். வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்தபோது அது ஆளில்லாத மலையாக இருந்ததில்லை. அங்கே இருந்தவர்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1851ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், லாபுவான் தீவில் காலனித்துவச் செயலாளராக இருந்த ஹியூ லோ, கியாவ் கிராமத்து வழிகாட்டிகளுடன் உச்சிப் பாறைவெளி வரை ஏறினார். மலை ஏறியதாக எழுத்தில் பதிவான முதல் மனிதர் அவர்தான். புருணையில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஸ்பென்சர் செயிண்ட் ஜான் என்பவரோடு 1858இல் மீண்டும் இருமுறை ஏறினார். இருந்தும், ஆக உயர்ந்த முனையை அவர் தொடவே இல்லை. அந்த முனைக்கு அவர் பெயர்தான் சூட்டப்பட்டது. அதை முதலில் தொட்டவரோ பறவைகளைத் தேடி வந்த ஜான் வைட்ஹெட், ஆண்டு 1888. வரைபடத்தில் பெயர் வருவதற்கும் கால் பதிப்பதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதில்லை போலும்!

இந்த ஹியூ லோ தீபகற்பத்துக்கும் தெரிந்தவர்தான். 1877 முதல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் இவரே. கோலாகங்சாரில் இவர் வளர்த்த ரப்பர் கன்றுகளின் கதை நம் தோட்டப்புற வரலாற்றின் முதல் பக்கத்தில் வருகிறது. கினபாலுவில் அவர் தேடியதும் செடிகளைத்தான். 1858ஆம் ஆண்டுப் பயணத்தில் கிடைத்த ஒரு குடுவைச் செடி, மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா' என்று சொல்லும் இனம், மூன்று லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். அதற்குள் ஓர் எலி மூழ்கிக் கிடந்ததை அந்தப் பயணக் குழுவினர் பார்த்தார்கள். சரவாக் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக அதற்கு 'நெப்பந்தஸ் ராஜா' என்று பெயரிட்டார்கள்.

அதன்பின் தாவரவியலார் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். 1910இல் லிலியன் கிப்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஏறினார். அமெரிக்கரான ஜோசப் கிளெமன்ஸும் அவர் மனைவி மேரியும் 1915இல் ஒரு முறையும், 1931 முதல் 1933 வரை இன்னொரு முறையும் வந்து செடிகளைச் சேகரித்தனர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் வழி காட்டியவர்களும் மூட்டை சுமந்தவர்களும் மலையடி கிராமத்துக்காரர்களே. அவர்களில் பெயர் நிலைத்தவர்கள் மிகச் சிலர். மலைமேல் ஒரு தங்குவிடுதிக்குத் தம் பெயரைக் கொடுத்துச் சென்ற மூத்த வழிகாட்டி குந்திங் லாகாடான் அந்தச் சிலரில் ஒருவர்.

சண்டாக்கானிலிருந்து நடந்து வந்தவர்கள்

செடிகள் மட்டும் இந்தப் பூங்காவை உருவாக்கிவிடவில்லை. அதற்கு ஒரு போரும் காரணம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. சாங்கியில் அடைக்கப்பட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகளில் ஏராளமானோர் கப்பலேற்றப்பட்டு, சபாவின் கிழக்குக் கரையில் உள்ள சண்டாக்கானுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். விமான ஓடுதளம் அமைப்பதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. 1945 தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் அந்த ஓடுதளத்தைக் குண்டு வீசி அழித்தன. கைதிகளை மேற்கே நகர்த்த ஜப்பானிய இராணுவம் முடிவு செய்தது. சனவரி இறுதியில் முதல் அணி புறப்பட்டது. மே மாத இறுதியில் இரண்டாம் அணி. சூன் மாதத்தில் மிச்சமிருந்தவர்களில் நடக்க முடிந்த சிலர். சேற்றிலும் காட்டிலும் 250 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, கினபாலு மலையின் அடிவாரத்திலுள்ள ரானாவ் வரை அவர்கள் வர வேண்டும். முதல் அணியினர் முதுகில் சுமந்தது சிப்பாய்களுக்கான அரிசி மூட்டை. பசியால் விழுந்தவர்களைப் பின்னால் வந்த காவலர்கள் கொன்றார்கள்.

ரானாவை எட்டியவர்களிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பட்டினியும் நோயும் மிச்ச வேலையை முடித்தன. ஆகஸ்ட் 15ஆம் நாள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. அதற்குப் பிறகும் ரானாவில் உயிரோடு இருந்த கடைசிக் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சண்டாக்கானிலும் வழியிலும் ரானாவிலுமாக மாண்டவர்கள் சுமார் 2,400 பேர். தப்பியவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஆஸ்திரேலியர்கள். ஆறு பேரும் காட்டுக்குள் ஓடித் தப்பியவர்கள். அவர்களை மறைத்து வைத்துச் சோறு கொடுத்தவர்கள் உள்ளூர் மக்கள். பிடிபட்டால் குடும்பத்தோடு தலை போகும் என்று தெரிந்தே அதைச் செய்தார்கள்.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விட முடியாது. இன்றைக்குக் கினபாலு பூங்காவுக்கு வரும் குடும்பங்கள் தவறாமல் போகும் போரிங் வெந்நீர் ஊற்று இருக்கிறதே, அதைக் குளிக்கும் இடமாக முதலில் அமைத்தவர்கள் ஜப்பானியப் படையினர். காலம் அதே போர்க்காலம். ரானாவிலிருந்து அது இருபது கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை.

போர் முடிந்தது. சரவாக் காடுகளில் ஜப்பானியருக்கு எதிராக மறைமுகப் போர் நடத்திய அணிகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் ஜி. எஸ். கார்ட்டர். நியூசிலாந்துக்காரர், ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றியவர். அவரும் அவரைப் போன்றவர்களும் சேர்ந்து கினபாலு நினைவுக் குழுவை அமைத்தனர். மாண்டவர்களுக்கு ஒரு கல்லை நட்டு வைப்பதோடு அவர்கள் எண்ணம் நின்றுவிடவில்லை. மலையின் செடிகொடிகளும் விலங்குகளும் காப்பாற்றப்பட வேண்டும், மலை ஏறுவோருக்குப் பாதையும் தங்குமிடமும் வேண்டும், அந்த மலை முழுவதுமே நினைவுச்சின்னமாக இருக்க வேண்டும் என்றார்கள். கார்ட்டரின் முயற்சியில் 1962இல் குண்டாசாங்கில் போர் நினைவுத் தோட்டம் எழுந்தது. ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு ஒன்று, போர்னியோவுக்கு ஒன்று எனத் தோட்டங்கள் அமைந்தன. அது பின்னாளில் புதர் மண்டிக் கிடந்ததும், தாய்லாந்தைச் சேர்ந்த ஒருவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு அதை மீட்டெடுத்ததும் தனிக் கதை.

மூதாதையர் உறங்கும் மலை என்று டூசுன் மக்கள் சொன்னதை அந்தக் குழுவினர் எந்த அளவுக்கு எண்ணிப் பார்த்தார்களோ. ஆனால் வெகுதூரத்திலிருந்து வந்து மாண்ட பிள்ளைகளையும் அந்த மலையிடமே அவர்கள் ஒப்படைத்தார்கள்.

விஞ்ஞானி போட்ட எல்லை

அதே காலகட்டத்தில் இலண்டன் அரச கழகம் ஓர் ஆய்வுப் பயணத்தை அனுப்பியது. ஆண்டு 1961. தலைவர் பேராசிரியர் இ. ஜே. எச். கார்னர். சிங்கப்பூர் பூமலையில் 1929 முதல் துணை இயக்குநராக இருந்தவர். தேங்காய் பறிக்கும் பெரோக் குரங்குகளைப் பழக்கி, உயர்ந்த மரங்களின் பூவையும் காயையும் பறித்து வரச் செய்தவர் இவரே. ஜப்பானியர் ஆட்சியின்போது பூமலையையும் அருங்காட்சியகத்தையும் காப்பாற்றுவதற்காக அவர்களோடு இணைந்து வேலை செய்தார். அதற்காகச் சொந்த நாட்டவரிடமே ஏச்சும் வாங்கினார். சாங்கியிலிருந்து கைதிகள் சண்டாக்கானுக்கு அனுப்பப்பட்ட அந்த நாட்களில், அதே தீவில் மரங்களின் பெயர்ச்சீட்டுகளைப் பாதுகாத்துக்கொண்டிருந்தவர் கினபாலுவுக்கு வந்து சேர்ந்தது காலத்தின் விந்தைதான்.

கார்னர் குழு மலையின் கிழக்குப் பக்கத்தில் நெடுநாள் தங்கியது. அடிவாரத்து வெப்பக்காடு, நடுவில் கருவாலி இனமரங்கள், அதற்கு மேல் பாசி தொங்கும் மேகக்காடு, உச்சியில் பனிக்கட்டி ஆறுகள் ஒருகாலத்தில் வழித்துவிட்டுப் போன வெறும்பாறை. ஒரே மலையில் இத்தனை அடுக்குகள்! இன்றைய கணக்கில் 5,000க்கும் 6,000க்கும் இடைப்பட்ட தாவர இனங்கள் அங்கே உண்டு. கார்னர் கண்டுகொண்ட முக்கியமான உண்மை இதுதான்: உச்சியை மட்டும் காப்பாற்றினால் போதாது, அடிவாரத்துச் சமவெளிக் காடுகளும் சேர்ந்தால்தான் மலை முழுமை பெறும். மரம் வெட்டவும் விவசாயம் செய்யவும் எளிதான இடமும் அந்த அடிவாரமே என்பதால் சிக்கல் அங்கேதான் இருந்தது. பூங்கா அமைக்கும்படி அவர் அரசாங்கத்துக்குப் பரிந்துரைத்தார்.

1962இல் வட போர்னியோவில் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1963 செப்டம்பர் 16ஆம் நாள் சபா மலேசியாவில் இணைந்தது. 1964இல் கினபாலு தேசியப் பூங்கா அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் கார்னரின் இரண்டாவது குழுவும் மலைக்கு வந்தது.

செம்பும் கோல்ஃப் திடலும்

நல்ல முடிவு என்று கதையை இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அரசிதழில் ஓர் அறிவிப்பால் வந்த எல்லை, இன்னோர் அறிவிப்பால் நகரக்கூடியது.

பூங்கா அறிவிக்கப்பட்ட மறு ஆண்டே, 1965இல், ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உதவியோடு நடந்த கனிமத் தேடலில், மலையின் தென்கிழக்குச் சரிவில் மாமுட் என்ற இடத்தில் செம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இடம் பூங்காவுக்குள் இருந்தது. பூங்காவுக்குள் சுரங்கம் தோண்ட முடியாது அல்லவா? ஆகவே அந்தப் பகுதி பூங்காவிலிருந்து கழிக்கப்பட்டது. ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டு முதலீட்டில் 1975இல் மாமுட் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டின் ஒரே செம்புச் சுரங்கம் அது. தாதுப்பொடி லாரிகளில் மேற்குக் கரைக்குப் போய், கப்பலேறி ஜப்பானுக்குச் சென்றது. ரானாவில் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

சுரங்கத்தால் சாலை வந்தது, வேலை வந்தது, ரானாவ் வட்டாரத்தில் பணம் புழங்கியது. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் கழிவுச்சேறு லோகான் பள்ளத்தாக்கை நோக்கிப் போனது. நெல் வயல்கள் பாழானதாக விவசாயிகள் முறையிட்டனர். 1999இல் சுரங்கம் மூடப்பட்டது. மலைச்சரிவில் மிஞ்சியது ஒரு மாபெரும் பள்ளம். அதில் தேங்கியிருப்பது அமிலநீர். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அழகான ஏரி போலத் தெரியும்.

அடுத்த அடி பினோசுக் மேட்டுநிலத்தில் விழுந்தது. கார்னர் மிகவும் அருமையாகக் கருதிய காடு அது. 1984இல் அதுவும் பூங்காவிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே பால்பண்ணை வந்தது, காய்கறித் தோட்டங்கள் வந்தன, கோல்ஃப் திடலும் வந்தது. பச்சைப் புல்வெளியில் கறுப்பு வெள்ளைப் பசுக்கள் மேய, பின்னணியில் மலை நிற்கும் காட்சியை 'சபாவின் நியூசிலாந்து' என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறோம். கார்ட்டர் பிறந்த நாட்டின் பெயர் அப்படியும் அங்கே வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் புல்வெளி இருக்குமிடத்தில் என்ன காடு இருந்தது என்று கேட்பவர் குறைவு. பாலும் முட்டைக்கோசும் மக்களுக்குத் தேவைதான். கோல்ஃப் திடலும் அதே பட்டியலில் எப்படி இடம் பிடித்தது என்பதுதான் விளங்கவில்லை.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. நம் அரசியலமைப்புப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளது. 1980ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காச் சட்டம் சபாவுக்கும் சரவாக்குக்கும் பொருந்தாது. பேச்சு வழக்கில் தேசியப் பூங்கா என்று சொன்னாலும், கினபாலு சபா மாநிலத்தின் பூங்கா. சபா பூங்கா வாரியம் அதை நிர்வகிக்கிறது. ஓரிடத்தில் கழித்து வேறிடத்தில் கூட்டி, இன்று அதன் பரப்பு சுமார் 754 சதுர கிலோமீட்டர். 2000ஆம் ஆண்டில் குனோங் முலுவோடு சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. மலேசியாவுக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அது. அதன் பிறகு எல்லையில் கை வைப்பது முன்போல் எளிதல்ல. கை வைத்தால் உலகமே கேட்கும்.

கேட்கப்படாதவர்கள்

கோடு வரைந்தவர்கள் எல்லாரும் நல்ல நோக்கம் உடையவர்களே. ஆனாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் யாருடைய வேட்டைக்காடு இருந்தது? யாருடைய மூலிகை, யாருடைய பிரம்பு? பூங்கா வந்தபின் டூசுன் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த காட்டுக்குள் நுழைவது குற்றமானது. மூதாதையரைப் பார்க்க வேண்டுமானாலும் அனுமதிச் சீட்டு. வழிகாட்டியாகவும் சுமைதூக்கியாகவும் அவர்களுக்கு வேலை கிடைத்தது உண்மைதான். எரிவாயுத் தோம்பையும் அரிசி மூட்டையையும் முதுகில் கட்டிக்கொண்டு, நம்மைத் தாண்டி விறுவிறுவென்று ஏறிப்போகும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கனம் தெரியும்.

1992இல் ஒரு மாற்றம் வந்தது. பூங்காவைச் சுற்றியுள்ள கிராமத்து மக்களையே தாவரச் சேகரிப்பாளர்களாகப் பயிற்றுவிக்கும் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அவர்கள் சுமார் 9,000 மாதிரிகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் டூசுன் பெயரும் பயனும் எழுதப்பட்டன. ஹியூ லோ காலத்திலிருந்து வந்துபோன அறிஞர்கள் ஒருவேளை திரும்பிக் கேட்டிருந்தால், அந்தப் பெயர்களை அன்றே தெரிந்துகொண்டிருக்கலாம்.

2015 மே 30ஆம் நாள், வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உச்சியில் ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்டனர். சூன் 5ஆம் நாள் காலை நிலநடுக்கம், அளவு 6.0. பாறைகள் உருண்டு 18 பேர் மாண்டனர். அவர்களில் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் உண்டு. பிறரைக் காப்பாற்றப் போராடிய மலை வழிகாட்டிகளும் உண்டு. மலை சினந்துவிட்டது என்று கிராமத்தார் சடங்கு செய்தபோது, வெளிநாட்டுப் பத்திரிகைகள் சிலவற்றில் கேலி எழுந்தது. நிலநடுக்கத்துக்குக் காரணம் நிலத்தடியில் இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் தன் வீட்டுக் கல்லறையில் ஒருவர் அப்படி நின்றால் பொறுத்துக்கொள்வோமா? பயணிகளில் நால்வருக்கு மூன்று நாள் சிறையும் ஆளுக்கு 5,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. சந்தடி அதோடு அடங்கியது.

நிலநடுக்கத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2010இல், பத்திரிகைகள் அதிகம் கவனிக்காத ஒன்று நடந்திருந்தது. மலையடியில் உள்ள புண்டு துஹான் கிராமத்தாரும் சபா பூங்கா வாரியமும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். டூசுன் மொழியில் மலைக்கு 'காயோ ஙாரான்' என்று இன்னொரு பெயர் உண்டு. பெரிய பெயர் என்று பொருள். ஆண்டுக்கு ஒருமுறை காயோ ஙாரானுக்குத் திரும்பிச் செல்லும் நாள் என்று வைத்து, அன்றைக்கு மலை அந்த மக்களுக்கு மட்டும் என்று முடிவானது. வெளியார் ஏற முடியாது. கட்டணம் கிடையாது. அந்த முதல் ஆண்டில் முதியவர்களும் பிள்ளைகளுமாக, சீட்டுக் கேட்க யாரும் இல்லாத வாசலைக் கடந்து அவர்கள் மேலே நடந்தார்கள்.